அம்மா அப்பா வர்றாங்க, சனிக்கிழமை ஷிஃப்ட் இருக்கு

(எபிசோடின் எழுத்து வடிவம். பேச்சில் திரும்பத் திரும்ப வந்ததை மட்டும் வெட்டியிருக்கிறோம்.)

இந்த எபிசோடை ரெக்கார்ட் பண்ணலாமா வேண்டாமான்னு ரொம்ப நாளா யோசிச்சிட்டு இருந்தேன். ஏன்னா இதுல நான் ஹீரோ கிடையாது. ஆனா போன மாசம் மட்டும் மூணு பேர் ஒரே கேள்வியை அனுப்பியிருந்தீங்க. "ப்ரோ, வீட்ல இருந்து வர்றாங்க, என்னென்ன ரெடி பண்ணணும்?" ஒருத்தர் கூடவே, "நான் இங்க வார இறுதியில வாலண்டியரிங் பண்றேன், அதை நிறுத்தணுமா?"ன்னும் கேட்டிருந்தாங்க. அந்த ரெண்டாவது கேள்விதான் என்னைத் தூங்க விடல.

புதுசா கேக்கிறவங்களுக்காகச் சொல்லிடுறேன். நான் ஜெர்மனியில டோர்ட்முண்ட் நகரத்துல இருக்கேன். வேலை பேக்எண்ட் எஞ்சினியர். வந்த முதல் வருஷம் குளிர்காலத்துல ஆபீஸ், வீடு, லேப்டாப்னு இருந்து பைத்தியம் பிடிக்கிற நிலைக்குப் போனதுல, கூட வேலை பாக்கிற ஒருத்தர் சொல்லி டாஃபெல்ல சேர்ந்தேன். சூப்பர் மார்க்கெட்லயும் பேக்கரியிலயும் விக்காம மிஞ்சுற, ஆனா சாப்பிட நல்லா இருக்கிற பொருளை வாங்கிட்டு வந்து, தரம் பிரிச்சு, வருமானம் குறைஞ்சவங்களுக்குக் குடுக்கிற அமைப்பு. 1993-ல பெர்லின்ல ஆரம்பிச்சது, இப்போ நாடு முழுக்க 970-க்கு மேல இருக்கு. பெரும்பாலும் எங்களை மாதிரி சம்பளமில்லாத ஆட்களை வச்சுத்தான் ஓடுது. எனக்கு சனிக்கிழமை காலை ஷிஃப்ட்.

போன வருஷம், 2025 மே கடைசியில அம்மாவும் அப்பாவும் ஆறு வாரம் வந்து தங்கினாங்க. ரெண்டு பேருக்கும் அதுதான் முதல் விமானப் பயணம். ஊர் ஸ்ரீவில்லிபுத்தூர் பக்கம். அப்பா 31 வருஷம் ரேஷன் கடையில விற்பனையாளரா இருந்து ரிடையர் ஆனவர். இதை ஞாபகம் வச்சுக்கோங்க, பின்னாடி வரும்.

முதல்ல காகிதம்

காகித வேலையைச் சுருக்கமா முடிச்சிடுறேன். எல்லாருக்கும் தெரிஞ்ச பகுதியை வேகமா, தெரியாத பகுதியை மெதுவா.

அவங்களுக்கு வேணும்கிறது ஷெங்கன் குறுகிய கால விசா. எந்த 180 நாளை எடுத்துக்கிட்டாலும் அதுல 90 நாள் வரை தங்கலாம். பயணத்துக்கு ஆறு மாசம் முன்னாடியே விண்ணப்பிக்கலாம். கடைசி கெடு 15 நாள், ஆனா அவ்வளவு தூரம் யாரும் போகாதீங்க. கட்டணம் 2024 ஜூன்ல இருந்து ஒரு ஆளுக்கு 90 யூரோ.

மெதுவாச் சொல்ல வேண்டியது இதுதான். அவங்க பேங்க்ல பெரிசா பணம் இல்லைன்னா, நீங்க ஒரு பொறுப்பேற்பு உறுதிமொழி குடுக்கணும். ஜெர்மன்ல அந்தப் பேர் ஃபெர்ஃப்லிஷ்டுங்ஸ்எர்க்லேருங். ஒரே மூச்சுல சொன்னா உங்களுக்கு பி1 சர்டிஃபிகேட் குடுத்திடலாம். உங்க ஊர் வெளிநாட்டவர் அலுவலகத்துல அப்பாயின்ட்மென்ட் எடுத்து, சம்பளச் சீட்டு, வாடகை ஒப்பந்தம் எல்லாம் காட்டி, 29 யூரோ கட்டி வாங்கணும். ஒரிஜினலை இந்தியாவுக்கு கூரியர்ல அனுப்பணும், ஸ்கேன் காப்பி செல்லாது. அப்பாயின்ட்மென்ட் கிடைக்கவே சில ஊர்ல வாரக்கணக்காகும். அதனால டிக்கெட்டுக்கு முன்னாடி இதைத் தொடுங்க.

அது வெறும் ஃபார்ம் இல்லங்க. அதுல கையெழுத்துப் போட்டா, அவங்க இங்க இருக்கிற காலத்துல ஆகுற செலவு எல்லாத்துக்கும் நீங்க பொறுப்பு. சாப்பாடு, தங்குறது, ஆஸ்பத்திரி எல்லாம் சேர்த்து. திருப்பி அனுப்ப வேண்டி வந்தா அந்தச் செலவும் உங்க தலையிலதான். அதனாலதான் இன்ஷூரன்ஸை மலிவாப் பாக்காதீங்கன்னு கெஞ்சுறேன். விசாவுக்குக் குறைஞ்சபட்சம் 30,000 யூரோ கவர் இருந்தாப் போதும். ஆனா பெரும்பாலான பாலிசியில ஏற்கனவே இருக்கிற நோய்க்குக் கவர் இருக்காது, இல்லைன்னா திடீர்னு உயிருக்கு ஆபத்துன்னா மட்டும் இருக்கும். அப்பாவுக்கு சுகர், அம்மாவுக்கு பிரஷர். அந்த ஒரு பத்தியை மட்டும் நாலு தடவை படிச்சிட்டு வாங்குங்க.

மாத்திரை முழுக் காலத்துக்கும் ஊர்ல இருந்தே வரணும். இந்திய டாக்டர் சீட்டை நீட்டி இங்க மெடிக்கல் ஷாப்ல வாங்க முடியாது. பாதி கைப்பையில, பாதி பெட்டியில. டாக்டர்கிட்ட ஒரு லிஸ்ட் எழுதி வாங்கச் சொல்லுங்க. கம்பெனிப் பேர் இல்ல, மெட்ஃபார்மின், டெல்மிசார்டான்னு மருந்தோட பேர். நம்ம ஊர் பிராண்ட் பேரைச் சொன்னா இங்க இருக்கிற டாக்டருக்கு ஒண்ணும் புரியாது. ராத்திரியிலயோ ஞாயிற்றுக்கிழமையோ உடம்பு சரியில்லைன்னா 116117, உயிர் போற அவசரம்னா 112. ரெண்டையும் ஃப்ரிட்ஜ்ல ஒட்டிடுங்க.

அப்புறம் பெட்டி. அம்மா ஃபோன்ல, "ராசா, பால்கோவா மூணு கிலோ எடுத்து வச்சிருக்கேன்"ன்னாங்க. ஸ்ரீவில்லிபுத்தூர்க்காரங்க பால்கோவா இல்லாம ஒரு வீட்டுக்குள்ள நுழைய மாட்டாங்க. ஆனா ஐரோப்பிய ஒன்றியத்துக்கு வெளிய இருந்து வர்றவங்க பால் பொருள், இறைச்சி கொண்டு வரக் கூடாது. நெய்யும் அதுல சேரும். 2019 டிசம்பர்ல இருந்து காய், பழம், இலைக்கும் சான்றிதழ் கேக்கிறாங்க. வாழைப்பழம், தேங்காய், அன்னாசி மாதிரி சிலதுக்கு மட்டும் விலக்கு. கறிவேப்பிலைக்கு விலக்கு இல்ல. பருப்புப் பொடி, மிளகாய் வத்தல், அப்பளம் எல்லாம் பிரச்சனை இல்ல. இதைச் சொன்னப்போ அம்மா ரெண்டு நாள் என்கிட்ட சரியாப் பேசல. "எம்புள்ளைக்குக் குடுக்கிறதுக்கு எவன் பெர்மிஷன் வேணும்?" அந்தக் கேள்விக்கு என்கிட்ட பதில் இல்ல, உங்ககிட்ட இருந்தா எழுதுங்க.

முதல் பத்து நாள்

வந்தாங்க. முதல் வாரம் லீவு போட்டிருந்தேன். கொலோன் தேவாலயம், ரைன் நதியில படகு, அப்பாவுக்காக ஒரு பழைய நிலக்கரிச் சுரங்கம். டோர்ட்முண்ட்ல சோல்லர்ன்னு ஒரு சுரங்கம் இப்போ மியூசியமா இருக்கு. அந்த இரும்பு மெஷின் ஹாலைப் பார்த்து அப்பா அரை மணி நேரம் நகரல. ஃபோட்டோவெல்லாம் சூப்பரா வந்துச்சு. குடும்ப வாட்ஸ்அப் குரூப்ல சித்தப்பா வரைக்கும் லைக்.

அம்மாவுக்கு ஒரே குழப்பம் சூரியன்தான். ஜூன்ல இங்க ராத்திரி பத்து மணி வரைக்கும் வெளிச்சம் இருக்கும். "விளக்கு எப்போப்பா ஏத்துறது?"ன்னு மூணு நாள் கேட்டாங்க. கடைசியில இந்திய நேரப்படி ஆறு மணிக்கு ஏத்தினாங்க, அதாவது இங்க மதியம் ரெண்டரை. முதல் தடவை தாளிச்சப்போ புகை அலாரம் அடிச்சது. இங்க எங்க மாநிலத்துல வீட்டுக்கு வீடு அது கட்டாயம். வத்தல் வறுக்கும்போது கதவை மூடி ஜன்னலைத் திறக்கச் சொல்லிக் குடுத்தேன். ராத்திரி பத்து மணிக்கு மேல மிக்ஸி போடக் கூடாதுன்னு சொன்னேன், ஞாயிற்றுக்கிழமை கடை இருக்காதுன்னு சொன்னேன், தண்ணி பாட்டிலைத் தூக்கிப் போடாதீங்க, திருப்பிக் குடுத்தா 25 சென்ட்னு சொன்னேன்.

இப்போ யோசிச்சா, அந்தப் பத்து நாள்ல நான் பேசினது எல்லாமே ஒண்ணு தடை, இல்ல விளக்கம். வேற எதுவும் பேசல.

டாஃபெல் பத்தி அவங்ககிட்ட முன்னாடியே சொல்லல. கூச்சம்தான். ஃபோன்ல சனிக்கிழமை எங்கப்பான்னு கேட்டா "வேலை இருந்துச்சும்மா"ன்னு சொல்லிப் பழக்கம். முதல் சனிக்கிழமை மட்டும் ஷிஃப்ட் மாத்திக்கிட்டேன். ரெண்டாவது சனிக்கிழமைக்கு முந்தின ராத்திரிதான் உண்மையைச் சொன்னேன்.

அம்மா முகம் மாறிடுச்சு. "காசு குடுக்காத வேலைக்கா போற?" அது கூடப் பரவாயில்ல. அடுத்து சொன்னாங்க: "நாங்க இங்க இருக்கிறதே நாப்பத்திரெண்டு நாள். அதுல உனக்கு ஆபீஸ் போக மிச்சம் இருக்கிறது ஆறு சனி, ஆறு ஞாயிறு."

எண்ணியிருக்காங்க. வந்த நாள்ல இருந்தே எண்ணிட்டு இருந்திருக்காங்க.

என் பக்கமும் ஒரு நியாயம் இருந்துச்சு. சம்பளம் இல்லாத வேலைன்னா நினைச்சப்போ வராம இருக்கலாம்னு நாம நினைக்கிறோம். நிஜத்துல நேர் எதிர். ஆபீஸ்ல நான் ஒரு நாள் வரலைன்னா ஒரு டிக்கெட் அடுத்த நாளைக்குத் தள்ளும். அங்க நான் வரலைன்னா எழுபது வயசுக்காரர் ஒருத்தர் தக்காளிப் பெட்டியைத் தூக்குவார். எங்க இடத்துல இருக்கிற பாதிப் பேர் ரிடையர் ஆனவங்க. 2022-ல உக்ரைன் போர் ஆரம்பிச்ச பிறகு நாடு முழுக்க டாஃபெல்கள்ல கூட்டம் ரொம்ப கூடிப் போச்சு, பல இடத்துல புதுசா ஆள் சேர்க்கிறதையே நிறுத்தி வச்சாங்க. அந்த நிலைமையில ஆறு வாரம் காணாமப் போறது எனக்கு ஒப்பல.

ஆனா நான் இதை அம்மாகிட்ட எப்படிச் சொன்னேன் தெரியுமா? "உங்களுக்குப் புரியாதும்மா." அவ்வளவுதான். சொல்லிட்டு மறுநாள் காலையில கிளம்பிட்டேன்.

கதவு

இங்க இருக்கிற அடுக்குமாடி வீட்டுக் கதவு நம்ம ஊர்க் கதவு மாதிரி இல்ல. வெளிப்பக்கம் இருக்கிற குமிழ் திரும்பாது. இழுத்துச் சாத்தினாலே பூட்டிக்கும். சாவி உள்ள இருந்தா அவ்வளவுதான். சாவிக்காரரைக் கூப்பிட்டா, அதுவும் வார இறுதியில, பர்ஸ் காலி. எனக்கு இது பழகிப் போனதால சொல்லணும்னே தோணல. மிக்ஸி நேரம் சொன்னேன், பாட்டில் சொன்னேன், கதவு சொல்லல.

அன்னைக்கு வெயில். ஜன்னல் எல்லாம் திறந்திருந்துச்சு. பன்னெண்டு மணி வாக்குல அப்பா குப்பைப் பையை எடுத்துக்கிட்டு கீழ முற்றத்துக்கு இறங்கியிருக்காரு. எந்தத் தொட்டியில எதைப் போடணும்னு சந்தேகம், அம்மாவைக் கூப்பிட்டிருக்காரு. அம்மா ரெண்டு படி இறங்கினதும் காத்து அடிச்சுக் கதவு சாத்திக்கிச்சு. சாவி உள்ள. ரெண்டு ஃபோனும் உள்ள. அம்மா கால்ல செருப்பு கூட இல்ல.

என் நம்பர் மனப்பாடமா இல்ல. இந்தக் காலத்துல யாருக்கு இருக்கு? இருந்திருந்தாலும் பிரயோஜனம் இல்ல. பொருள் குடுக்கிற நேரத்துல ஃபோனை லாக்கர்ல வைக்கிறது எங்க பழக்கம். வரிசையில நிக்கிறவங்க யாரும் தெரியாம கூட ஒரு ஃபோட்டோவுல வந்துடக் கூடாதுன்னு.

மூணரை மணிக்கு நான் வந்தேன். மாடிப்படியில ரெண்டு பேரும் உக்காந்திருந்தாங்க. ரெண்டாவது மாடியில இருக்கிற வயசான அம்மா ஒருத்தங்க ரெண்டு நாற்காலி, தண்ணி, ஒரு ஜோடி கம்பளிச் சாக்ஸ் குடுத்திருந்தாங்க. அதே கட்டடத்துல நாலு வருஷமா இருக்கேன், அவங்ககிட்ட "குட்டன் டாக்" தாண்டி நான் பேசினதில்ல. எங்க அம்மா மூணு மணி நேரத்துல அவங்களுக்கு எத்தனை பேரப் பிள்ளைங்கன்னு விரல் காட்டித் தெரிஞ்சு வச்சிருந்தாங்க.

அம்மா சிரிச்சுட்டாங்க. அப்பா சிரிக்கல. ராத்திரி சாப்பிட்டு முடிச்சு, தட்டைக் கழுவி வச்சிட்டு வந்து சொன்னாரு: "தம்பி, இந்த ஊர்ல பக்கத்து வீட்டுக்கு பார்சல் வந்தா, ஆள் வர்ற வரைக்கும் படியில கிடக்குமே, பாத்திருக்கேன். யாராச்சும் வந்து எடுத்தாத்தான் உண்டு. நாங்க உனக்கு அப்படித்தான் இருக்கோம்."

திட்டல. குரல் கூட உயர்த்தல. திட்டியிருந்தா நல்லா இருந்திருக்கும்.

எங்க தொழில்ல ஒரு வார்த்தை உண்டு, சிங்கிள் பாயின்ட் ஆஃப் ஃபெயிலியர். ஒரே ஒரு பாகம் விழுந்தா முழு சிஸ்டமும் விழுற மாதிரி கட்டி வைக்கிறது. டிசைன் ரிவ்யூல ஒவ்வொரு வாரமும் அடுத்தவங்க டயக்ராம்ல நான் அதைத்தான் தேடிப் பிடிப்பேன். என் வீட்ல நான் கட்டி வச்சிருந்தது அதுதான். சாவி நான், மொழி நான், டிக்கெட் நான், பணம் நான். ஊர்ல பால்காரர்ல இருந்து பேங்க் மேனேஜர் வரைக்கும் தானே பேசிச் சமாளிச்ச மனுஷன், இங்க ஒரு பாட்டில் தண்ணி வேணும்னா கூட மகனைக் கேக்கணும். விசா கவுன்ட்டர்ல நான் பொறுப்புன்னு கையெழுத்துப் போட்டேன் இல்லையா, அந்த ஃபார்ம் எனக்குள்ள போய் உக்காந்திருச்சு போல. அவங்களை விருந்தாளியாவும் நடத்தல, அப்பா அம்மாவாவும் நடத்தல. என் பொறுப்புல இருக்கிற பொருள் மாதிரி நடத்தியிருக்கேன்.

என்ன மாத்தினேன்

திங்கக்கிழமை ரெண்டு சாவி வெட்டினேன். ஒண்ணு அப்பா கழுத்துல கயிறுல, ஒண்ணு அந்த ரெண்டாவது மாடி அம்மாகிட்ட. பெரிய செலவு இல்ல. சில கட்டடத்துல மெயின் கேட்டுக்கும் சேர்த்து ஒரே பாதுகாப்புச் சாவியா இருக்கும், அதை நாமளா வெட்ட முடியாது, வீட்டு ஓனர்கிட்ட சொல்லணும். அவங்க வர்றதுக்கு முன்னாடியே இந்த வேலையை முடிச்சிடுங்க. அப்படியே ஆறு வாரத்துக்கு ரெண்டு பேர் தங்குறாங்கன்னு ஓனருக்கு ஒரு மெயிலும் போட்டுடுங்க.

ஆளுக்கு ஒரு ப்ரீபெய்ட் சிம். ஒரு அட்டையில ஜெர்மன்ல முகவரி, என் நம்பர், டாஃபெல் ஆபீஸ் நம்பர். கவனிங்க, என் நம்பர் மட்டும் இல்ல.

அப்புறம் டாய்ச்லாண்ட் டிக்கெட். ஊர் பஸ், டிராம், மெட்ரோ, மாநில ரயில் எல்லாத்துக்கும் மாசம் முழுக்க ஒரே டிக்கெட். போன வருஷம் 58 யூரோ, இந்த வருஷம் ஜனவரியில இருந்து 63. வேகமான ஐசிஇ ரயில்ல செல்லாது. இது சந்தா முறை, எந்த மாசத்தோட நிறுத்தணுமோ அந்த மாசம் 10-ம் தேதிக்குள்ள ரத்து பண்ணணும். மறந்தா ஊருக்குப் போன பிறகும் பணம் போகும். டூரிஸ்ட்டுக்கு எதுக்கு மாச டிக்கெட்னு கேப்பீங்க. மெஷின் முன்னாடி நின்னு மண்டலம் எது, எத்தனை பேருன்னு தேர்ந்தெடுக்க வேண்டாம் இல்லையா, அதுக்குத்தான். ஏறலாம், இறங்கலாம், தப்பா ஏறினா மறுபடி ஏறலாம். தப்பு பண்ற உரிமைக்குக் குடுக்கிற காசு அது.

மூணு நாள் நான் அப்பா கூட அதே ரூட்ல போனேன். முதல் நாள் நான் முன்னாடி, அவர் பின்னாடி. ரெண்டாம் நாள் அவர் முன்னாடி. மூணாம் நாள் நான் அடுத்த பெட்டியில. நாலாம் நாள் தனியா.

காலையில பேக்கரி அவர் வேலைன்னு ஆச்சு. "ஸ்வை ப்ரோட்ஷென், பிட்டே." ரெண்டு பன் குடுங்க, அவ்வளவுதான் பாடம். ஒரு வாரத்துல கடைக்காரம்மா இவர் வாயைத் திறக்கிறதுக்கு முன்னாடியே ரெண்டு எடுத்து வைக்க ஆரம்பிச்சாங்க. ஒரு நாள் அப்பா ரெண்டுக்குப் பதிலா மூணு வாங்கிட்டு வந்தாரு, ரெண்டாவது மாடி அம்மாவுக்கு ஒண்ணு. அதை நான் சொல்லல.

அம்மாவுக்கு அவங்களே கண்டுபிடிச்ச இடம் ஹாம். டோர்ட்முண்ட்ல இருந்து ரயில்ல அரை மணி நேரத்துக்குள்ள போயிடலாம், அங்கிருந்து பஸ். ஹாம்-உவென்ட்ரோப்ல காமாட்சி அம்பாள் கோயில் இருக்கு. இலங்கைத் தமிழர்கள் கட்டினது, 2002-ல கும்பாபிஷேகம் ஆச்சு. தொழிற்சாலைப் பகுதிக்கு நடுவுல முழுசா ஒரு தென்னிந்தியக் கோபுரம். கோடையில திருவிழா, தேர் இழுப்பாங்க. பக்கத்துல இருக்கிற கால்வாய்தான் தீர்த்தம். அங்க அம்மாவுக்கு ஒரு யாழ்ப்பாணத்து அக்கா பழக்கமாச்சு. "நீங்க எங்க இருக்கிறீங்க? வாங்கோ, இருந்து கதைப்பம்"ன்னு அவங்க சொல்ல, அம்மாவுக்கு வந்து இருபது நாள்ல முதல் தடவையா என்னை நடுவுல வைக்காம ஒரு ஆள் கிடைச்சாங்க. திரும்பி வரும்போது அம்மா கையில ஒரு கொத்து கறிவேப்பிலை. அந்த அக்கா வீட்டுத் தொட்டியில வளர்த்தது. என்னைப் பார்த்து ஒரு சிரிப்பு சிரிச்சாங்க பாருங்க.

சனிக்கிழமை

சரி, வாலண்டியரிங். நான் முதல்ல செய்ய நினைச்சது ஆறு வாரமும் லீவு. எங்க ஒருங்கிணைப்பாளர்கிட்ட கேட்டப்போ அவங்க, "மொத்தமா வேண்டாம். எந்தெந்த வாரம் வர மாட்டேன்னு இப்பவே எழுதிக் குடு, நாங்க பார்த்துக்கிறோம்"னாங்க. மிச்சம் இருந்த நாலு சனிக்கிழமையில ரெண்டு விட்டுட்டேன், ரெண்டு வச்சுக்கிட்டேன். அந்தக் கேள்வி கேட்டவங்களுக்கு என் பதில் இதுதான்: நிறுத்தாதீங்க, ஆனா குறைங்க. ஒரு மாசம் முன்னாடியே எழுத்துல சொல்லுங்க. வீட்லயும் அதே மாதிரி டிக்கெட் போடும்போதே சொல்லிடுங்க. நான் முந்தின நாள் ராத்திரி சொன்னது தப்பு. அம்மா கோபப்பட்டது வாலண்டியரிங் மேல இல்ல. அவங்க எண்ணி வச்சிருந்த கணக்குல கேக்காம கை வச்சேன், அதுக்குத்தான்.

அப்பா, "நானும் வரட்டுமா?"ன்னு கேட்டாரு. இங்க ஒரு எச்சரிக்கை. விசிட்டர் விசாவுல வேலை பார்க்கக் கூடாது. சம்பளமில்லாத உதவின்னாலும் நீங்களா முடிவு பண்ணாம அமைப்புக்கிட்ட கேளுங்க. எங்க இடத்துல உணவுப் பொருளைத் தொடுறவங்களுக்குச் சுகாதார விதிமுறை வகுப்பு முடிச்ச சான்று வேணும், விபத்துக் காப்பீட்டுக்குப் பேர் பதிவாகியிருக்கணும். அதனால அப்பா விருந்தாளியா வந்தாரு. காபி, ஒரு நாற்காலி. பெட்டியைத் தொடக் கூடாது. அம்மா, "நான் ஒரு அண்டா சாம்பார் சாதம் செஞ்சு தரட்டுமா?"ன்னாங்க. அதுவும் முடியாது, வீட்ல சமைச்சதை வாங்க மாட்டாங்க.

அப்பா ஒரு மணி நேரம் சும்மா பார்த்துட்டு இருந்தாரு. தரம் பிரிக்கிற மேஜை முன்னாடி நின்னு ரெண்டு வகைத் தேதியைப் பத்திக் கேட்டாரு. ஒண்ணு "இந்தத் தேதி வரைக்கும் தரம் குறையாது"ங்கிறது. அது தாண்டினாலும் முகர்ந்து, பார்த்து, நல்லா இருந்தாக் குடுக்கலாம். இன்னொண்ணு "இந்தத் தேதிக்குள்ள சாப்பிட்டாகணும்"ங்கிறது, அரைச்ச இறைச்சி மாதிரி. அது தாண்டினா நேரா குப்பைதான். "புழுங்கலரிசிக்கும் பாமாயிலுக்கும் உள்ள வித்தியாசம்"னு அவருக்கு அவரே தலையாட்டிக்கிட்டாரு. வரிசைக்கு நாங்க வாராவாரம் வேற வேற கலர் சீட்டு குடுக்கிறோம், ஒரே ஆள் எப்பவும் கடைசியா நிக்கக் கூடாதுன்னு. அதைப் பார்த்ததும் முகம் மலர்ந்துச்சு. பொங்கல் பரிசுக்கு வீடு வீடா டோக்கன் குடுத்த கதையை எங்க ஒருங்கிணைப்பாளருக்கு என் மூலமா இருபது நிமிஷம் சொன்னாரு.

அப்புறம் வாசல்ல ஒரு பாட்டி. கார்டைக் கைப்பைக்குப் பின்னாடி மறைச்சு வச்சுக்கிட்டு, முறை வந்ததும் சட்டுனு காட்டிட்டு உள்ள போனாங்க. அப்பா கேட்டாரு, "அந்தக் கார்டு யாருக்குக் குடுப்பாங்க?" நான் சொன்னேன்: அரசு உதவித்தொகை வாங்குறவங்க, ஓய்வூதியம் ரொம்பக் குறைவா இருக்கிறவங்க, அதுக்கான காகிதம் காட்டணும்.

"அதான் மறைக்கிறாங்க"ன்னாரு. கொஞ்ச நேரம் கழிச்சு: "நம்ம ஊர்ல மறைக்க ஒண்ணுமில்ல. வாத்தியார்கிட்டயும் கார்டு இருக்கும், கூலிக்காரர்கிட்டயும் இருக்கும்."

எனக்கு அது அப்போதான் உறைச்சது. மத்திய அரசு 1997-ல ஏழைக்கு மட்டும்னு பொது விநியோகத்தைப் பிரிச்சப்போ, தமிழ்நாடு எல்லாருக்கும்கிற முறையை விடல. 2011 ஜூன்ல இருந்து அரிசி கார்டுக்கு அரிசி இலவசம். இதுக்கெல்லாம் ஆகுற செலவு, வசதி உள்ளவங்களுக்கு எதுக்குங்கிற கேள்வி, அதெல்லாம் தனி எபிசோட். நானே காலேஜ்ல "எல்லாருக்கும் எதுக்கு ஓசி"ன்னு வாதாடின ஆள்தான், ரேஷன் கடைக்காரர் பையனா இருந்துகிட்டு. எல்லாருக்கும் குடுக்கும்போது, வாங்குறவங்க முகத்துல அது தெரியாதுங்கிறதை நான் நாலு வருஷமா டாஃபெல்ல நின்னும் கவனிக்கல. அவருக்கு ஒரு மணி நேரம் போதுமா இருந்துச்சு. டாஃபெல் அரசாங்கம் இல்ல, கையில மிஞ்சினது மட்டும்தான் இருக்கு, அதை யாருக்குன்னு பார்த்துத்தான் குடுக்க முடியும். ஆனா அடுத்த வாரம் நாங்க ஒண்ணு மாத்தினோம். கார்டைப் பார்க்கிற மேஜையை வாசல்ல இருந்து உள்பக்கம் நகர்த்தினோம், ரோட்டுல போறவங்களுக்குத் தெரியாத மாதிரி. மேஜையைத் தள்ளினது நான். அப்பா காபி குடிச்சிட்டு, "இன்னும் கொஞ்சம் இடப்பக்கம்"னாரு.

ஜூலை முதல் வாரம் கிளம்பினாங்க. ஏர்போர்ட்ல அப்பா கழுத்துல இருந்த கயிறைக் கழட்டிச் சாவியைக் குடுத்தாரு. வேண்டாம், வச்சுக்கோங்கப்பான்னேன். வாங்கிப் பையில போட்டுக்கிட்டாரு. அவர் டிக்கெட்டை 10-ம் தேதிக்குள்ள ரத்து பண்ண மறந்துட்டேன், ஒரு மாசம் 58 யூரோ போச்சு. நீங்க மறக்காதீங்க.

இப்போ சனிக்கிழமை ராத்திரி ஃபோன் பண்ணினா அம்மா முதல்ல கேக்கிறது ரெண்டாவது மாடி அம்மாவைப் பத்தி. அப்பா வாங்கி, இன்னைக்கு வரிசையில எத்தனை பேர்னு கேப்பாரு. நான் நம்பர் சொல்லுவேன். "நம்ம கடையில மாசக் கடைசியில கூட அவ்வளவு இருக்காதே"ன்னுவாரு. இந்த வாரம் 140.